டிரம்ஸ்: யாரென்று தெரியவில்லை

இணையத்தில் ஒரு பாடலின் பக்கத்தைத் திறந்தால் பாடியவர் பெயர் இருக்கும். எழுதியவர், இசையமைத்தவர், தயாரித்தவர், வெளியிட்ட நிறுவனம், வெளியான ஆண்டு, பாடலின் நீளம் எத்தனை விநாடி என்பது வரை எல்லாம் இருக்கும். அந்தப் பாடலைத் தாங்கி நிற்கும் பேஸ் கிட்டாரை வாசித்தவர் யார், டிரம்ஸ் யாருடையது, சரணத்துக்கு முன்னால் சில விநாடிகள் மட்டும் வந்துபோகும் புல்லாங்குழலை ஊதியவர் யார் என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இத்தகைய தரவுத்தளங்களில் விவரங்களைச் சேர்ப்பதும் திருத்துவதும் என் நெடுநாள் பொழுதுபோக்கு என்பதால், இந்த இல்லாமையோடு எனக்குக் கொஞ்சம் நெருங்கிய பழக்கம் உண்டு. பெயர் விடுபட்டிருப்பது ஒரு குறை என்றால், அங்கே ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம். காலியாகக் கிடக்கும் இடத்துக்கு, அந்த வாத்தியமே பாடலில் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், வாசித்தவர் தெரியவில்லை என்றும் கொள்ளலாம், யாரும் இன்னும் தேடிப் பார்க்கவில்லை என்றும் கொள்ளலாம். இந்த மூன்றும் திரையில் ஒரே மாதிரிதான் தோன்றுகின்றன.

இந்த வெற்றிடம் இணையம் வந்த பிறகு உண்டானதன்று. 1950களிலும் 60களிலும் வெளிவந்த 45 சுற்று இசைத்தட்டுகளின் நடுவட்டத் தாளில் பாடகர், பாடலாசிரியர், நிறுவனம் ஆகியோரின் பெயர்களுக்கு மேல் இடமில்லை. நெடுந்தட்டுகளின் பின்னுறையில் தாராளமாக இடமிருந்தபோதும், வாசித்தவர்களின் பெயரைப் போடும் வழக்கம் வெகுசன இசையில் பரவலாக இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் பாடல் பாடலாக வாசித்துக் குவித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவினரின் பெயர்கள், 1971இல் பாடகர் மார்வின் கே வெளியிட்ட 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் உறையில்தான் முதன்முதலாக முறைப்படி அச்சாயின. அதற்குள் பேஸ் கிட்டார் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், இன்று உலகம் முழுவதும் மாணவர்கள் பாடமாகப் பயிலும் வாசிப்புகளைப் பெயரில்லாமலே ஒலிப்பதிவு செய்து முடித்திருந்தார். அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்தது, டெட்ராய்ட் குழுவும் கலைந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் நிலைமை சற்று வேறு. பின்னாளில் ரெக்கிங் க்ரூ என்று அழைக்கப்பட்ட ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களின் பெயர்களும் உறைகளில் அரிதாகவே இடம்பெற்றன என்றாலும், அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் படிவங்கள் எஞ்சியிருந்ததால் ஆய்வாளர்களால் அவர்களில் பலரை அடையாளம் காண முடிந்தது. எந்த நாளில், எந்தக் கூடத்தில், எத்தனை மணி நேரம், யார் யார் வாசித்தார்கள், அவர்களுக்கு எவ்வளவு ஊதியம் என்பதெல்லாம் அந்தப் படிவத்தில் எழுதப்பட்டன. கலைஞரைப் பெருமைப்படுத்துவதற்காக எழுதப்பட்டவை அல்ல அவை. சம்பளக் கணக்குக்காக எழுதப்பட்டவை. இசை வரலாற்றின் நம்பகமான சான்றுகளில் கணிசமான பகுதி கணக்கர்களின் தயவால் நமக்குக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

குறுந்தகடு வந்தபோது நிலைமை சீராகியிருக்க வேண்டும், ஏனென்றால் அதனோடு ஒரு சிறு கையேடும் வந்தது. ஆனால் தகட்டைக் கணினியில் செருகியபோது அந்தக் கையேடு கணினிக்குத் தெரியவில்லை. வழக்கமான இசைத் தகட்டில் ஒலியும், ஒவ்வொரு பாடலும் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணையும் இருந்தனவே தவிரப் பாடலின் பெயர்கூட இல்லை. 1993இல் தொடங்கிய சிடிடிபி என்னும் சேவை, பாடல்களின் தொடக்கப் புள்ளிகளை வைத்துத் தகட்டை அடையாளம் கண்டு, பயனர்கள் தட்டச்சு செய்து அனுப்பிய தலைப்புகளைத் திரையில் காட்டியது. தகட்டின் பெயர், பாடகர், பாடல்களின் பெயர்கள் ஆகியவையே அதன் தேவை. கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த வயலின் கலைஞரைத் தட்டச்சு செய்ய யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

எம்பி3 கோப்புகளின் வரலாறு இன்னும் கறாரானது. பாடலின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைப்பதற்காக 1996இல் உருவான ஐடி3 குறிச்சொல்லின் முதல் வடிவம் கோப்பின் இறுதியில் ஒட்டப்படும் 128 பைட்டுகள்தான். தலைப்புக்கு 30 எழுத்து, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு ஒரு பைட்டு, தொடக்க அடையாளத்துக்கு மூன்று. ஒரு முழு இசைக்குழுவின் உழைப்பும் 'கலைஞர்' என்ற ஒரே 30 எழுத்துப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான அதன் 2.4 பதிப்பில் எந்த வாத்தியத்தை யார் வாசித்தார் என்று இணை இணையாக எழுதி வைப்பதற்கென்றே தனிப் பகுதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. பாடல் இயக்கும் செயலிகள் அந்தப் பகுதியைக் காட்டுவதில் அக்கறை கொள்ளவில்லை. காட்டப்படாததால் நிரப்புவாரும் இல்லை. நிரப்பப்படாததால் காட்ட வேண்டிய தேவையும் எழவில்லை. தொழில்நுட்பத்தில் இடமில்லை என்று சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் காலிப் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. பாடல் விவரங்களை நிறுவனங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்வதற்காக 2006இல் அமைக்கப்பட்ட டிடிஇஎக்ஸ் கூட்டமைப்பின் தரநிலைகளிலும் பங்களித்தவர்களின் பெயருக்கும் பங்குக்கும் இடம் உண்டு. ஸ்பாட்டிஃபை 2018 பிப்ரவரியில் பங்களிப்பாளர் விவரங்களைக் காட்டத் தொடங்கியபோது, நிறுவனங்கள் கொடுத்ததைத்தான் அதனால் காட்ட முடிந்தது. கொடுக்கப்பட்டவை பெரும்பாலும் பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் ஆகியோரின் பெயர்களே. ஒலிப்பதிவுக்கான ஐஎஸ்ஆர்சி என்னும் 12 எழுத்து எண், பதிவை இன்னதென்று சுட்டும். அதில் வாசித்தவர் யார் என்பதைத் தன்னளவில் சொல்லாது.

ஆகவே வேலை தன்னார்வலர்களிடம் வந்து சேர்ந்தது. பயனர்களே விவரங்களைச் சேர்க்கும் இசைத் தரவுத்தளங்களில், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய டிஸ்காக்ஸும் மியூசிக்பிரெய்ன்ஸும் முதன்மையானவை. இரண்டும் ஒரே பணியைச் செய்வதாகத் தோன்றினாலும் அவற்றின் அடிப்படை வேறு. டிஸ்காக்ஸ் ஒரு பொருளைப் பட்டியலிடுகிறது: கையில் இருக்கும் இந்தத் தட்டில், இந்தப் பதிப்பில், என்ன அச்சாகியிருக்கிறது என்பதே அதன் முதல் கேள்வி. அச்சாகாத பெயரைச் சேர்க்க வேண்டுமானால் அச்சாகாதது என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். மியூசிக்பிரெய்ன்ஸோ ஒலிப்பதிவைத் தனிப் பொருளாகக் கருதுகிறது. அதே பதிவு எத்தனை தொகுப்புகளில் வந்தாலும் பதிவு ஒன்றுதான், அதோடு ஒரு முறை இணைக்கப்பட்ட டிரம்ஸ் கலைஞர் எல்லாத் தொகுப்புகளிலும் தொடர்வார். பழைய பாடல்கள் பெரும்பாலும் எந்த விவரமும் இல்லாத தொகுப்புகளின் வழியாகவே இன்று கேட்கப்படுகின்றன என்பதால், எனக்கு இரண்டாவது முறையே பயன் மிகுந்ததாகப் படுகிறது. முதல் முறையின் ஒழுக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சில் உள்ளதை உள்ளபடி எழுது என்ற விதி, ஊகங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் அச்சில் இருப்பதே உண்மை என்றும் சொல்லிவிட முடியாது. பேர்ட்ஸ் குழு 1965இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். குழுவில் டிரம்ஸ் கலைஞர் மைக்கேல் கிளார்க், பேஸ் கலைஞர் கிறிஸ் ஹில்மன் என்பது தெரிந்த செய்தி. ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களுக்கு அது சரியும்கூட. ஆனால் அந்த ஆல்பத்துக்குப் பெயர் கொடுத்த 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாடலிலும், இசைத்தட்டில் அதன் மறுபக்கமாக வந்த பாடலிலும், குழுவினரில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மக்குவின் ஒருவர்தான். டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் லாரி நெக்டல். மற்றவர்களும் கூலிக்கு வந்த ஒலிப்பதிவுக்கூடக் கலைஞர்களே. ஆல்பம் முழுமைக்கும் ஒரே வரியில் 'டிரம்ஸ்: மைக்கேல் கிளார்க்' என்று எழுதும் தரவுத்தளம், அதிகம் கேட்கப்படும் பாடலில் தவறிழைக்கிறது. பெயரை ஆல்பத்தோடு இணைக்காமல் பாடலோடு இணைக்க வேண்டும் என்று மூத்த தொகுப்பாளர்கள் புதியவர்களிடம் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். பாடல்வாரியான தகவல் கிடைக்காதபோது ஆல்பத்தோடு இணைப்பது நேர்மையான தேர்வு. அந்தப் பட்டியலைச் சோம்பலினால் பன்னிரண்டு பாடல்களுக்கும் அப்படியே ஒட்டிவிடுவதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது தெரியாத ஒன்று தெரிந்ததுபோல் வேடம் போட்டுக்கொள்கிறது.

வேண்டுமென்றே பொய்யாக அச்சிடப்பட்ட பெயர்களும் உண்டு. 1953ஆம் ஆண்டு மே மாதம் டொரன்டோவின் மாஸி ஹாலில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்த கச்சேரி இசைத்தட்டாக வந்தபோது, வேறொரு நிறுவனத்தோடு அவருக்கிருந்த ஒப்பந்தத்தின் காரணமாக அவர் பெயர் 'சார்லி சான்' என்றே அச்சாயிற்று. 1969இல் வெளியான க்ரீம் குழுவின் 'பேட்ஜ்' பாடலில் கிட்டார் வாசித்த, பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் அதே விதமாக ஒரு புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டார். ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்' பாடலில் மிக் ஜாகருக்கு இணையாக ஒலிக்கும் பாடகி மெர்ரி கிளேட்டனின் பெயர் முதற்பதிப்பில் மேரி என்று எழுத்துப் பிழையோடு வந்தது. அச்சில் உள்ள வடிவத்தையும் உண்மையான ஆளையும் தனித்தனியே வைத்துக்கொண்டு இரண்டையும் இணைக்கும் வசதி நல்ல தரவுத்தளங்களில் இருக்கிறது. அது இல்லாத இடங்களில் சார்லி சான் என்ற சாக்ஸபோன் கலைஞர் ஒரே ஒரு கச்சேரியோடு காணாமற்போனவராக வாழ்வார். எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு: ஒரே பெயருடைய இரண்டு கலைஞர்கள் ஒரே பக்கத்தில் கலந்துவிட்டால், ஒருவரின் வாழ்நாள் உழைப்பு அறிமுகமே இல்லாத மற்றொருவரின் கணக்கில் ஏறிவிடுகிறது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத சமூகங்களின் கலைஞர்கள், முன்னெழுத்தோடும் இல்லாமலும், வெவ்வேறு ஒலிபெயர்ப்புகளிலும் எழுதப்பட்டு நான்கைந்து பேராகச் சிதறிக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அச்சும் இல்லை, படிவமும் இல்லை என்றால் எஞ்சுவது நினைவும் காதும். நினைவை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு எல்லை உண்டு. அறுபதுகளில் நாளுக்குப் பல அமர்வுகளில் வாசித்த ஒருவர், பல ஆண்டுகள் கழித்துக் குறிப்பிட்ட ஒரு பாடலைத் தாம்தான் வாசித்ததாக மனமார நம்பலாம். அதே பாடலை வேறொருவர் வாசித்ததாக அவருடைய சகாக்களும் அதே உறுதியோடு நம்பலாம். லாஸ் ஏஞ்சலிஸின் பேஸ் கிட்டார் கலைஞர் கரோல் கே தாம் வாசித்ததாகச் சொன்ன சில மோட்டவுன் பாடல்கள் ஜேமர்சனுடையவை என்று மற்றவர்கள் வாதிட்ட விவகாரம் இசை ஆர்வலர்கள் அறிந்ததே. இத்தகைய இடத்தில் தரவுத்தளம் நீதிமன்றமாக முடியாது. இரண்டு கூற்றுகளையும் அவற்றைச் சொன்னவர்களோடு சேர்த்துப் பதிவுசெய்வதே அதனால் இயன்ற காரியம். காதைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு சற்றுக் கடுமையானது. ஒரு கலைஞரின் பாணியை நன்கு அறிந்தவர் கேட்டவுடன் பெயர் சொல்லிவிடுவார், பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆயினும் புகழ்பெற்ற ஒருவரின் பாணியை அவர் காலத்தில் நூறு பேர் பின்பற்றியிருப்பார்கள் என்பதால், காதால் வரும் தீர்ப்பு எப்போதும் புகழ்பெற்றவருக்கே சாதகமாகப் போகிறது. பெயரில்லாத நூறு பேரின் வாசிப்பும் அந்த ஒருவர் கணக்கில் சேர்கிறது. ஒலியை ஆராய்ந்து கலைஞரை ஊகிக்கும் மென்பொருள்களைச் சிலர் பரிந்துரைக்கும்போது எனக்குத் தோன்றும் தயக்கமும் இதே காரணத்தால்தான்.

இதெல்லாம் ஆர்வலர்களின் நுண்ணாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாதபடி பணமும் உரிமையும் இதில் கலந்திருக்கின்றன. 1996இல் ஜெனீவாவில் ஏற்கப்பட்ட உலக அறிவுசார் சொத்து அமைப்பின் நிகழ்த்துகலை மற்றும் ஒலிப்பதிவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, பதிவுசெய்யப்பட்ட தம் வாசிப்பில் தம்மை அடையாளப்படுத்தக் கோரும் உரிமையைக் கலைஞருக்கு அளிக்கிறது. பயன்படுத்தும் விதம் காரணமாகப் பெயரை விட நேர்ந்தால் அது விலக்கு என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த விலக்கின் வழியே எவ்வளவு பெரிய வண்டியை ஓட்டலாம் என்பது வழக்கறிஞர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் இணைய வானொலி போன்ற சேவைகளிடமிருந்து ராயல்டி திரட்டும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, தொகையில் 50 விழுக்காட்டைப் பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கும், மீதி 5 விழுக்காட்டைப் பின்னணியில் வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்குமான நிதிக்கும் பிரிக்கிறது. அந்த 5 விழுக்காடு உரியவரைச் சென்றடைய வேண்டுமானால், உரியவர் யாரென்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

பெயர் இருந்தால் மட்டும் பணம் வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட 'ஆமென் பிரதர்' என்ற பாடலில் கிரகரி கோல்மன் வாசித்த, ஆறு விநாடி அளவே நீளும் டிரம்ஸ் பகுதி, வெட்டி எடுக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் மீண்டும் ஒலித்திருக்கிறது; 2006இல் இறந்த கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் தரவுத்தளத்தின் கோணத்தில் இது எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு. எந்தப் பாடல் எந்தப் பாடலிலிருந்து ஒலியை எடுத்தது என்ற இணைப்பு முன்பே இருந்தால், மூலப் பதிவில் டிரம்ஸுக்கு நேரே ஒரே ஒரு முறை கோல்மனின் பெயரைச் சேர்த்ததும், அந்த ஆயிரக்கணக்கான பாடல்களிலிருந்தும் அவரைச் சென்றடையும் பாதை திறந்துவிடுகிறது. ஒரு வெற்றிடத்தை நிரப்புவதற்கு இதைவிடப் பெரிய பலன் வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய வாத்தியக் குழுக்களின் நிலை தனி. நாற்பது வயலின் கலைஞர்கள் வாசித்திருந்தால் குழுவின் பெயரும் முதல் வயலினின் பெயரும் வரும். மற்றவர்கள் குழுவுக்குள் கரைந்துவிடுவார்கள். இதற்கு எளிய வழி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இந்தச் சிக்கலைத் தரவுத்தளங்களுக்கு வெகுகாலம் முன்பே நேர்கொண்டவர்கள் ஜாஸ் இசையின் பட்டியலாளர்கள். 1936இல் சார்ல் தெலோனே தம் முதல் இசைத்தட்டு விவரப் பட்டியலை வெளியிட்ட காலத்திலிருந்து வளர்ந்த அந்த மரபில், ஒவ்வோர் ஒலிப்பதிவு அமர்வுக்கும் நேரே வாத்தியம் வாத்தியமாகப் பெயர்கள் வரிசைப்படுத்தப்படும். டிரம்பெட் வாசித்தவர் தெரியாவிட்டால் அந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதப்படும். ஐயமிருந்தால் 'இருக்கலாம்' என்றோ கேள்விக்குறியோ சேரும். அந்தத் தாள்களைப் படிப்பவருக்கு அமர்வில் ஒரு டிரம்பெட் இருந்தது என்பதும், அதை வாசித்தவரைப் பட்டியலாளர் தேடியும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் ஒரே பார்வையில் விளங்கும். கணினிக்கு வந்தபோது நாம் தொலைத்தது இந்த ஒற்றைச் சொல்லைத்தான். பெட்டியில் பெயர் இருந்தால் இடு, இல்லாவிட்டால் காலியாக விடு என்ற படிவ அமைப்பு, அறியாமையைப் பதிவுசெய்வதற்கான இடத்தையே நீக்கிவிட்டது.

திருப்பிக் கொண்டுவருவதற்கு வழியில்லாமல் இல்லை. யாரும் திருத்தக்கூடிய பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஒரு கூற்றுக்கு மதிப்பாக 'மதிப்பு இல்லை' என்றும் 'மதிப்பு அறியப்படவில்லை' என்றும் தனித்தனியே குறிக்கலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் அதன் ஆதாரத்தையும் பக்கத்திலேயே வைக்கலாம். மியூசிக்பிரெய்ன்ஸில் 'அறியப்படாதவர்' என்ற பொதுவான கலைஞர் பக்கம் ஒன்று இருக்கிறது. ஆதாரத்தைத் திருத்தக் குறிப்பில் எழுதலாம், ஆனால் அந்தக் குறிப்பு திருத்த வரலாற்றுக்குள் புதைந்திருப்பதால் சாதாரணமாகப் பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. வாத்தியம் தெளிவாகக் கேட்கும் பதிவுகளில், வாசித்தவர் தெரியாதபோது, அந்தப் பொதுப் பக்கத்தோடு இணைத்து, எங்கெல்லாம் தேடினேன் என்பதையும் குறிப்பில் எழுதிவிடுவது இப்போது என் வழக்கம். இது பக்கங்களைக் குப்பையாக்குகிறது என்று சில தொகுப்பாளர்கள் கருதுகிறார்கள். ஒரே பக்கத்தில் எண்ணற்ற இணைப்புகள் குவிவதில் பொருளில்லை என்பது அவர்கள் வாதம். அந்தக் குவியலில்தான் எனக்குப் பயன் தெரிகிறது. 'அறியப்படாதவர்' வாசித்த பதிவுகளை வாத்தியம், ஆண்டு, ஒலிப்பதிவுக்கூடம் என்று வடிகட்டி எடுத்தால், இன்னின்ன கூடத்தில் இன்னின்ன ஆண்டுகளில் பதிவான இத்தனை பாடல்களுக்கு பேஸ் கலைஞர் தெரியவில்லை என்ற பட்டியல் உடனே கையில் கிடைக்கும். அக்காலக் கலைஞர்களில் இன்னும் நம்மோடு இருப்பவர்களிடமும், மறைந்தவர்களின் நாட்குறிப்புகளை வைத்திருக்கும் குடும்பங்களிடமும் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பதற்கு அப்படியொரு பட்டியல் வேண்டும். காலியான பெட்டிகளைக் கொண்டுபோய் யாரிடமும் காட்ட முடியாது.